ஓசன்னாவுக்குக் கரண்ட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் வேலை பார்க்கும் இன்பராஜுக்கு எதையாவது பிரித்துப் போடாமல் ஞாயிறு கழியாது. காயலான் கடையில் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை ஒன்று கிடைத்தது. பச்சை வயரைக் கறுப்பு வயரோடு முறுக்கினார், ஃபேன் சுற்றியது. உள்ளே ஒரு ரெசிஸ்டரை மாற்றி, பன்னிரண்டு வோல்ட்டைப் பதினாலுக்குப் பக்கமாக ஏற்றினார். பேட்டரி சார்ஜர் ரெடி.

"இன்னாங்க இது, வீடு பூரா ஆசிட் நாத்தம்?" என்றாள் மனைவி ஜாஸ்மின்.

"சபை பேட்டரிம்மா. குருத்தோலை பவனிக்கு மைக் செட்டு இதுலதான் ஓடணும்."

ஞாயிறு காலை இன்பராஜ் வீட்டு வாசலில் தள்ளுவண்டியில் ஸ்பீக்கர் ஏறியது. சார்ஜர் மாட்டியிருந்தவரை மைக் "ஓசன்னா" என்று பவனிப் பாட்டைக் கணீரென்று பாடியது. கழற்றியதும் இருமி அடங்கியது. பேட்டரிக்கு வயதாகிவிட்டிருந்தது.

போதகர் சாமுவேல் முகம் வாடியதை இன்பராஜால் தாங்க முடியவில்லை. "கழட்டவே வேணாங்கய்யா. சார்ஜரோட போய்டலாம்."

சார்ஜரும் வண்டியேறியது. பின்னால் எக்ஸ்டென்ஷன் வயர் நீண்டது. நாலு வீடு தாண்டியதும் வயர் தீர்ந்தது, பவனி நின்றது. சும்மா நிற்க முடியாமல் கூட்டம் திரும்பி இன்பராஜ் வீட்டையே சுற்ற ஆரம்பித்தது. சுற்றச் சுற்ற வயர் வீட்டைச் சுற்றிக்கொண்டு குட்டையானது. குருத்தோலைகள் சுவரை உரசின.

ஜாஸ்மின் ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஐயா, இது எருசலேம் பவனியா, சுத்திச் சுத்தி வந்தே கோட்டைச் செவுர உழவெச்ச எரிகோ பவனியா? நம்ம செவுரும் உழுந்துடப் போவுது!"

இன்பராஜுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் நாலு வீடு தள்ளியிருந்த ஹலீமா பீ குரல் கொடுத்தாள்: "இன்பராஜ், வயர இங்க குடுப்பா. நம்ம ஊட்டு பிளக்கு சும்மாதான கீது."

அதன்பின் தெருவே பிளக் கொடுத்தது. ஒரு வீட்டில் பிடுங்கி அடுத்த வீட்டில் மாட்டும்வரை மைக் ஊமை. ஹலீமா பீ வீட்டில் "ஓச" என்று நின்றது, சமீருல்லா வீட்டில் "ன்னா" என்று முடிந்தது. கோயிலை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். சபைக்கு அதில் வருத்தமில்லை.

மறுவருஷம் புது பேட்டரி வந்தது. பவனி தங்குதடையின்றிப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஹலீமா பீக்குக் கோபம்.

"இன்னா இன்பராஜ், இந்த வாட்டி நம்ம கரண்ட் ஆவாதா?"

இன்பராஜ் வண்டியை நிறுத்தினார். ஓடிப் போய் வீட்டிலிருந்து வயரை எடுத்து வந்தார்.