நாற்பது பேர் ஊதிய தலை

கலவரம் ரயிலில்தான் வரும் என்று நான் முடிவு கட்டியதற்கு என்னைக் குறை சொல்லக்கூடாது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். வடக்கிலிருந்து வருகிற எக்ஸ்பிரஸ் வண்டிகள் எங்கள் ஊரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், வீட்டுப் பாத்திரங்களை மட்டும் ஆட்டிவிட்டுப் போகும். வடக்கு என்றால் எனக்கு அவ்வளவுதான்: ஒரு சத்தம், கொஞ்சம் புழுதி, யாரோ ஜன்னல் வழியே உதறிய வேர்க்கடலைத் தோல். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், அந்த வடக்கில் ஒரு மாநிலம் மதக் கலவரத்தில் பற்றி எரிந்தது. அங்கே எரிந்தால் அடுத்த வண்டியில் இங்கே வரும் என்று கணக்குப் போட்டேன். எக்ஸ்பிரஸ் நம் ஊரில் நிற்காது என்பது ஒன்றே ஆறுதல். ஆனால் சில சமயம் சிக்னல் கிடைக்காமல் வீட்டுக்கு நேர் பின்னால் நின்றுவிடும். அப்போதெல்லாம் நான் கட்டிலுக்கு அடியில் பள்ளிப் பாடம் படித்தேன்.

தண்டவாளத்துக்கு அடுத்தபடியாகப் பொறுப்பு மாமாவுடையது. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, இரும்புக் கம்பி செய்யும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். அவரோடு உலையடியில் நின்ற பாதிப்பேர் வடக்கத்திக்காரர்கள். டீ குடிக்கும்போது அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவார். மாமாவுக்கு இந்தியில் நான்கு வார்த்தை தெரியும். அந்த நான்கையும் நட்டு, இடையில் உள்ள பள்ளங்களையெல்லாம் தன் பயத்தைக் கொட்டி நிரப்பி, முழுச் செய்தியாக வீட்டுக்குக் கொண்டுவருவார்.

அதுவரை மாமாவின் வாயில் ‘நம்மாளுங்க’ என்றால் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். நிரந்தர வேலைக்காரர்கள் வேறு சாதி. இந்தப் பிரிவினையில் பள்ளி வழியில் பெட்டிக்கடை வைத்திருந்த பாயும் நம்மாள்தான், ஏனென்றால் அவர் கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கடன் தருவார். அந்த வாரம் ‘நம்மாளுங்க’ திடீரென்று வேறு ஆட்களாகிவிட்டார்கள். டிவியில் தில்லி வெள்ளைச் சட்டைகள் ஒருவரையொருவர் நோக்கி விரல் நீட்டிப் பேசினார்கள். பிறகு நெருப்பைக் காட்டினார்கள். மறுபடி வெள்ளைச் சட்டைகள். அதைப் பார்த்து முடித்ததும் மாமா பாயை ‘அவனுங்க’ என்றார். ஒரே ஒரு பாய் எப்படிப் பன்மையானார் என்று நான் கேட்கவில்லை.

என்னைத் தனியாக அழைத்துப் பாதுகாப்பு விதிகளும் சொல்லிக்கொடுத்தார்.

“எவனாச்சும் மடக்கினான்னு வச்சிக்கோ, சலாம் அலைக்கும்னு சொல்லிடு. உட்ருவான்.”

“நம்மாளுங்க மடக்கினா மாமா?”

“நம்மாளு இன்னாத்துக்குடா உன்ன மடக்கறான்?”

“தெரியாம மடக்கிட்டா?”

மாமா தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நெத்தியில பட்டை போட்டுக்கோ.”

இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். இடது பாக்கெட்டில் காகிதத்தில் மடித்த திருநீறு, வலது பாக்கெட்டில் ஈரக் கைக்குட்டை. வருகிற ஆளைப் பார்த்துப் பூசலாம், துடைக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். அவ்வளவு தெளிவான கொள்கை எனக்கு மறுபடி வாய்க்கவில்லை. பாய் கடையில் தினமும் வாங்கும் தேன்மிட்டாயை விட்டேன். தெருவின் எதிர்ப்பக்கமாக, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் பலனில்லை. கன்னம் ஒட்டிப்போன என்னைப் பார்த்து அம்மா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“இது பயந்த கோளாறு. மசூதியாண்ட கூட்டிகினு போய் ஊதிகினு வந்தா சரியா பூடும்.”

எங்கள் பக்கத்தில் குழந்தை எதையாவது பார்த்துப் பயந்துவிட்டால் அதுதான் வைத்தியம். மாலைத் தொழுகை முடியும் நேரம் மசூதி வாசலில் தாய்மார்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஓதிய வாயோடு குழந்தை தலையில் ஒரு ஊது, தண்ணீரில் ஒரு ஊது ஊதிவிட்டுப் போவார்கள். பல் முளைக்காத நாளில் நானும் அங்கே ஊதப்பட்டவன்தான். ஆனால் இப்போது எனக்கு எதைப் பார்த்துப் பயமோ, அதனிடமே என்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாள். புலிக்குப் பயந்தவனைப் புலிக்கூண்டிலேயே படுக்க வைக்கிற வைத்தியம்! வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. சொன்னால் மாமாவுக்கு உதை விழும்.

மாமா குறுக்கே வந்து நின்றார். “யக்கா, இப்ப இருக்கற நெலமையில அங்க போவாத. யாருமே போறதில்ல. நாலு பேரு இன்னா பேசுவாங்க?”

“அந்த நாலு பேரு வந்து எம்புள்ளைக்கு சோறு ஊட்டுவாங்களா? தள்றா.”

“நம்மாளுங்க யாராச்சும் பாத்தா...”

“நீதான் பயம் காட்டி வச்சிகினுகீற. மூடிகினு ஊட்ல கெட.”

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மாமா தள்ளி நின்றார்.

கிளம்பும்போது அம்மா எனக்குப் பெரிய பட்டையாகப் போட்டுவிட்டாள். பஜார் திருப்பத்தில் நான் கைக்குட்டையை எடுத்து ரகசியமாகத் துடைத்தேன். அம்மா பார்த்துவிட்டாள். “இன்னாத்துக்குடா தொடைக்கிற? ஜோபுல இன்னா அது?” இடது பாக்கெட்டிலிருந்த பொட்டலம் பிடிபட்டது. அதையே பிரித்து, நடுத்தெருவில் நிற்க வைத்து, முன்னிலும் அகலமாகப் பூசினாள். கைக்குட்டை அவள் இடுப்புக்குப் போனது. என் கொள்கை முழுவதும் பறிமுதல்.

மசூதி வாசலில் யாருமே இல்லை. அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தைவிட இரண்டடி முன்னால் போய் நின்றாள்.

தொழுகை முடிந்தது. முதலில் படியிறங்க வந்தவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் இடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பது பேர் இருக்கும். ஒருவரும் செருப்பு மாட்டவில்லை. எங்களையே பார்த்தார்கள். ஏதோ யோசிக்கிறார்கள் என்று புரிந்தது; என்னை என்ன செய்யலாம் என்றுதான் யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

“சலாம் அலைக்கும்!” என்று கத்தினேன், அகலப் பட்டையோடு.

நாற்பது தொண்டையும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிற்று. வாசல் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். ‘உட்ருவாங்க’ என்று நினைத்தேன். விடவில்லை. படியிறங்கி என்னை நோக்கி வந்தார்கள்.

முதலில் தொழுகை நடத்துகிற வயதான ஹஜ்ரத். பட்டை கலையாதபடி என் உச்சியில் மட்டும் உள்ளங்கையை வைத்து, உதட்டுக்குள் ஓதி, ஊதினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். வழக்கமாக இருபது குழந்தைகளுக்குப் பங்கு போகவேண்டிய மூச்சு மொத்தமும் அன்று என் ஒருவன் தலைக்கே. வெற்றிலை மூச்சு, பீடி மூச்சு, ஏலக்காய் மூச்சு, மத்தியானம் தின்ற வெங்காய மூச்சு. அவசரமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டு வந்து ஊதினார். என் தலைமுடி நிமிர்ந்து நின்றது.

கடைசியாகப் பெட்டிக்கடை பாய்.

“இன்னா நைனா, தேன்மிட்டாய் கசந்துடுச்சா? நாலு நாளா எதிர்சாரியிலயே ஓடின, அப்பறம் ஆளையே காணோம்.”

நான் ஓடியதை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களைவிட மெதுவாக ஊதினார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “மூணு நாள் வரணும்மா.”

“வரேன் பாய்.”

“அக்கம்பக்கத்துல இருக்கறவங்களையும் கூட்டியாம்மா. ரெண்டு பேராவது.”

ஊதுவதற்கு அங்கே யாரும் ஒரு பைசா வாங்குவதில்லை. பிறகு எதற்காக இவர் வியாபாரம் படுத்துப்போன மனிதர் மாதிரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆள் கேட்கிறார்? எனக்கு விளங்கவில்லை. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும் வழியில் அம்மா நேராக வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் தெரு முனையில் இருந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஏண்டி, உன் கொழந்த ராவுல அழுவுதா?”

“இல்லக்கா. நல்லா தூங்குது.”

“இவ்ளோ தூங்கக்கூடாதுடி. பயந்த கோளாறா இருக்கும். நாளைக்கு சாயங்காலம் என்கூட வா.”

அடுத்த வீட்டில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துப் பொக்கை வாயோடு சிரித்தது. “எதுக்கு இது இப்படி சிரிச்சிகினே கீது? நல்லதில்ல. ஊதிடணும்” என்றாள் அம்மா. நான் அவள் புடவையை இழுத்தேன். “அதுக்கு ஒண்ணும் இல்லமா.” “உனக்கு இன்னா தெரியும்? வாய மூடிகினு வா.” அப்படியே ஏழெட்டு வீடு ஏறி இறங்கினாள். சில வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

மறுநாள் எங்களோடு ஐந்து பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் வரிசை பக்கத்து டீக்கடை வரைக்கும் போனது. எனக்குக் கிடைத்தது இரண்டே ஊது. நான் அதற்குள் இரண்டு தட்டு சோறு தின்னத் தொடங்கியிருந்தேன். வண்டி போனால் போகட்டும் என்று தூங்கினேன். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை குழந்தைகளையும் பார்த்தபோது வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. போன வாரம் வரை நன்றாக இருந்த இவற்றுக்கெல்லாம் ஒரே சமயத்தில் எப்படிப் பயம் வந்தது? எத்தனை யோசித்தாலும் ஒரே பதில்தான் கிடைத்தது: என்னுடையதுதான் தொற்றிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை முடிகிற வரைக்கும், தெருவில் யாராவது கைக்குழந்தையோடு எதிரே வந்தால், மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.