ரிஜிஸ்டரில் வெறும் காய்ச்சல்

முதலில் காதுக்குப் பின்னால் நெறி கட்டியது. மறுநாள் முகத்தில் சிவப்பாகப் பொரிந்து, சாயங்காலத்துக்குள் வயிறு வரை இறங்கியது. மூன்றே நாளில் மறைந்தும் போனது. வேர்க்குரு என்று நினைத்து பவுடரைப் பூசிக்கொண்டு, காரைக்குடியில் தேவகோட்டை பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அப்போது நான் பத்து வாரக் கர்ப்பிணி.

அது வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக் கூடாது, கண்பட்டுவிடும் என்று மாமியார் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது.

எனக்குப் பொரிவதற்கு இரண்டு வாரம் முன்பு, நான் பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் ஏழு பிள்ளைகள் அடுத்தடுத்து வராமல் போனார்கள். "வீட்டில் ஆத்தா வந்திருக்கிறாள்" என்று பெற்றோர் லீவு லெட்டர் கொடுத்தார்கள். அம்மையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் லெட்டர்களை என்னிடமிருந்து வாங்கி மேசைக்குள் போட்டார்.

"அம்மைன்னு எழுதினா வகுப்பை மூடச் சொல்லிருவாக டீச்சர். காய்ச்சல்னு மட்டும் எழுதுங்க."

எழுதினேன். என் கையெழுத்துதான்.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது பொரிந்ததைச் சொன்னேன். டாக்டரம்மாவின் முகம் மாறியது. "வகுப்புல யாருக்காச்சும் அம்மை போட்டிருந்துச்சா?" என்று கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். ரூபெல்லா (பிள்ளைகளுக்கு லேசாக வந்துபோகும், கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகத் தாக்கும் அம்மை வகை) என்று முடிவு வந்தது. கண், காது, இதயம், எது வேண்டுமானாலும் பாதிக்கப்படலாம் என்றார். கலைப்பதா, பெறுவதா என்று நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பெறுவது என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அதன்பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன்.

டாக்டர் தகவல் கொடுத்ததால் சுகாதாரத் துறையினர் பள்ளிக்கு வந்தார்கள். ரிஜிஸ்டரைப் புரட்டிய அதிகாரி, "வெறும் காய்ச்சல்னுதானே இருக்கு?" என்றார்.

"டீச்சர் எழுதினது சார், அவுகளையே கேளுங்க" என்றார் தலைமையாசிரியர். பிறகு என் பக்கம் திரும்பி, "மாசமா இருக்கீகன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?" என்றார். கூசாமல் கேட்டார்.

பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸுடன் வீடு வீடாகப் போனேன். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிச் சில வீடுகளில் தடுப்பூசியைத் தவிர்த்திருந்தார்கள். ஆனால் நோயை யாரும் மறைக்கவில்லை. ஒரு தாய் நேராகவே கேட்டார்: "நாங்க எதை மறைச்சோம்? ஆத்தா வந்திருக்கான்னு எழுதிக் குடுத்தமே. நீங்கதானே டீச்சர் வாங்குனீக?" பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, ரத்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

விசாரணை அறிக்கையில் என்ன இருந்தது தெரியுமா? "பெற்றோரிடையே விழிப்புணர்வு இல்லை." மேசைக்குள் கிடந்த ஏழு லெட்டர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவற்றைப் பற்றி நான் சொன்னதை அதிகாரி குறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன்.

இதைப் படிக்கும் பெண்களே, நாள் தள்ளிப்போனால் வேலை செய்யும் இடத்தில் அன்றைக்கே சொல்லுங்கள். கண்பட்டால் படட்டும். டீச்சர்களே, யார் சொன்னாலும் அம்மையை அம்மை என்றே எழுதுங்கள்.

இனி ஆயுசுக்கும் எனக்கு ரூபெல்லா வர வாய்ப்பில்லையாம், அடுத்த குழந்தைக்குப் பயமில்லையாம். டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். என் உடம்பு தப்பித்துக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மகளுக்கு ஒன்றரை வயது. கண்ணும் இதயமும் நன்றாக இருக்கின்றன. மதியம் அவள் தூங்கும்போது குக்கர் விசிலடிக்கும், வாசலில் மீன்காரர் கூவுவார், அவள் அசைய மாட்டாள். மாமியார் பதறிப்போய், "மெல்லப் பேசுங்கப்பா, பிள்ளை முழிச்சுக்கிரும்" என்பார்கள்.

நாங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.