மெஹ்விஷுக்கு மிஞ்சிய விசைகள்

செங்கம் சாலையில் ஒரு விருந்தினர் விடுதியின் அலுவலகத்தில் மெஹ்விஷ் வேலை பார்த்தாள். அறை கேட்டு வெளிநாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. கார்த்திகை தீபத் திருவிழா நெருங்கினால் கடிதங்கள் குவியும். அப்போதும் எதிரில் நிற்பவரிடம் பேசிக்கொண்டே தட்டச்சு செய்வாள். விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் வலது கைச் சுண்டுவிரல் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு மோதிர விரல். கையிலிருந்து டீ கிளாஸ் நழுவத் தொடங்கியது. வேலூரில் பார்த்த நரம்பு டாக்டர், பரிசோதனைகள் முடிந்ததும் அவளையும் கணவன் காசிமையும் உட்காரவைத்துச் சொன்னார்: தசைகள் ஒவ்வொன்றாக ஓயும், நிறுத்த மருந்து இல்லை. திரும்பும் பஸ்ஸில் காசிம், போளூர் தாண்டியதும், "வேற டாக்டரப் பாக்கலாம்" என்றான். பார்த்தார்கள். அவரும் அதையேதான் சொன்னார்.

மெஹ்விஷ் வேலையை விட்டாள். காசிம் தன் மொபைல் கடைக்குப் போனபின் பகல் முழுவதும் அவளுக்குத் துணை லேப்டாப்தான். அதிலும் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. விடுதியில் கணினிகளைக் கவனித்துவந்த அன்பரசன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, எழுத்துகளை மட்டும் காட்டும் ஒரு ப்ரவுசரைப் போட்டுக்கொடுத்தான். அதில் படம் கிடையாது, மவுஸும் தேவையில்லை. எந்த வேலைக்கு எந்த விசை என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு கீய ஒண்ணா அமுக்குற மாதிரி எதுவும் வேணாம் அன்பு. என்னால முடியல."

"சரிங்கக்கா. ஒரு வேலைக்கு ஒரு கீ. எந்தெந்த விரலு நல்லா இருக்குன்னு சொல்லுங்க."

இடது கை அப்போது நன்றாகவே இருந்தது. அந்தக் கைக்கு எட்டும் விசைகளில் எல்லாவற்றையும் அடக்கினான்: அடுத்த இணைப்புக்குப் போக ஒன்று, அதைத் திறக்க ஒன்று, பின்னால் திரும்ப ஒன்று, தேட ஒன்று, கீழே இறங்க ஸ்பேஸ் பார். சென்னைக்கு அப்பால் எங்குமே போகாத மெஹ்விஷ், தனக்குக் கடிதம் எழுதியவர்களின் ஊர்களைப் பற்றியெல்லாம் படித்தாள். ஓர் ஊரின் பாலத்தைத் திறப்பாள், அதிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து இன்னோர் ஊர். காசிம் சாப்பிட வரும்போது, "இன்னிக்கி லிஸ்பன்ல இருந்தேன்" என்பாள்.

மழைக்காலம் வருவதற்குள் இடது கையும் தளர ஆரம்பித்தது. மறுபடி வந்த அன்பரசன், தேடும் விசையை எடுத்துவிடலாமா என்று கேட்டான். அவளும் சம்மதித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த காசிம் அதைக் கேட்டபடி உள்ளே நுழைந்தான்.

"அத ஏன் எடுக்குற? இருக்கட்டும். கை சரியானா தேவப்படும்ல?"

"இல்ல பாய், கை தெரியாம அதும் மேல விழுந்துடுது. பக்கம் மாறிடுது. அதான்..."

"நீ வந்தாலே ஒவ்வொண்ணா எடுத்துட்டுத்தான் போற. இனிமே வராத."

அன்பரசன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தேடும் விசை அப்படியே இருந்தது.

சில நாள் கழித்து காசிம் மதியம் வந்தபோது, திரையில் ஏதோ ஒரு கம்பெனியின் விதிமுறைகள் நீளமாக ஓடிக் கிடந்தன.

"இதெல்லாம் எதுக்குப் படிக்கிற?"

"நான் தெறக்கல. கை பட்டுடிச்சி. திரும்பி வர்ற கீக்கு விரலு எட்டல."

"எவ்ளோ நேரமா இதுல இருக்க?"

"நீங்க போனதுல இருந்து." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கீய விட்டு வச்சா விரலு வந்துடாதுங்க."

 காசிம் அன்பரசனுக்குப் போன் செய்து, கோபத்தில் பேசிவிட்டதாகச் சொன்னான். எந்த இடத்தில் மாற்ற வேண்டும் என்று கேட்டுத் தானே மாற்றினான். இடது கையில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும்தான் அவளுக்கு மிஞ்சியிருந்தன. இணைப்புக்குப் போக ஒன்று, திறக்க ஒன்று என்று இரண்டே விசைகளை அவள் கேட்டாள்.

"திரும்பி வர வேணாமா?"

"வேணாம். போயிக்கினே இருக்கேன்."

பொங்கலுக்குப் பிறகு ஆள்காட்டி விரலும் ஓய்ந்தது. அவள் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. இந்த முறை காசிம்தான் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு. எத வைக்கட்டும்?"

"கீழ எறங்குறது. ஒரு பக்கத்தயாவது முழுசா படிக்கிறேன்."

அவன் எல்லா விசைகளையும் அதற்கே வைத்தான். கட்டைவிரல் எங்கே விழுந்தாலும் பக்கம் கீழே இறங்கும். தினமும் கடைக்குக் கிளம்புமுன், இருப்பதிலேயே நீளமான பக்கமாகத் தேடித் திறந்துவைப்பான். எதைப் பற்றியது என்றுகூடப் பார்க்கமாட்டான். நீளம்தான் அவனுக்குக் கணக்கு.

மாசி மாதத்தில் ஒரு மதியம் அவன் வந்தபோது, காலையில் திறந்த பக்கம் அதே முதல் வரிகளில் நின்றிருந்தது. அவள் கை விசைகளின் மேல்தான் கிடந்தது. காசிம் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஸ்பேஸ் பாரை அமுக்கினான். அவள் கண்கள் வரிகளில் ஓடி முடிந்ததும் மறுபடி அமுக்கினான். மறுபடியும். பிறகு பார்த்தால், அவள் கண்கள் நகரவில்லை.

"படிச்சிட்டியா?"

அவள் ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. குனிந்து, அவள் வாயருகே காதை வைத்தான்.

"மூடிடுங்க."

அவன் லேப்டாப்பை மூடினான். சோற்றைக் கரையக் கரையப் பிசைந்து ஊட்டினான். ஒவ்வொரு வாயும் தொண்டையில் இறங்க வெகுநேரம் ஆயிற்று. கடையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.