எல்லோருக்கும் லுணுகலை டிக்கெட்

ஜாவா என்ற கணினி மொழி படிக்கப் போனபோது எனக்கு முப்பத்தேழு வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குக் கணினிகள் வந்து இறங்கின. கற்பிக்க ஆள் வரவில்லை. "சேர், நீங்கதானே கணக்கு. இதையும் பாத்துக்கங்க" என்றார் அதிபர். கணக்குத் தெரிந்தவனுக்குக் கணினியும் தெரியும் என்ற அவருடைய நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதுளையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பொன்றில் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். மூன்று பேர் கொண்ட குழுக்களாகச் சேர்ந்து படிக்க வேண்டும். ஒருவர் விளக்குவார், ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் குறிப்பெழுதுவார். வாரத்துக்கு வாரம் இந்த வேலைகள் கை மாற வேண்டும். என் குழுவில் ஒருவர் லுணுகலை பஸ்ஸின் கண்டக்டர், என்னைவிட மூத்தவர். மற்றவள் கடைவீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். அந்தக் கடையின் மேல்மாடியில்தான் கூடினோம். ஆசிரியர் என்பதால் குழுத் தலைவராக என் பெயரையே பதிந்தார்கள்.

முதல் வாரம் நான் விளக்கினேன். இரண்டாம் வாரமும் நானே. மூன்றாம் வாரம் அவள், "இந்தக் கிழம நான் விளக்கவா சேர்?" என்றாள்.

"மொதல்ல அடிப்படை சரியா விழட்டும் தங்கச்சி" என்றேன். பத்து வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்று பழகியவன் நான். உட்கார்ந்து குறிப்பெழுதுவது எனக்குப் பதவி இறக்கமாகப் பட்டது.

பயிற்சிக்கு பஸ் டிக்கெட் புரோகிராம் எழுதலாம் என்றார் கண்டக்டர். அச்சடித்த வெற்று டிக்கெட் போன்றது கிளாஸ். ஊர் எழுதிக் கிழித்துக் கொடுத்த ஒவ்வொரு டிக்கெட்டும் ஓர் ஒப்ஜெக்ட். இதை நான் நன்றாகவே விளக்கினேன். ஆனால் புரோகிராமை ஓட்டினால் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு எழுத்துகள். அவற்றில் ஸ்டேட்டிக் என்ற சொல் கண்ணில் பட்டது. ஊருக்கான வரியின் தொடக்கத்தில் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு மறைந்தது.

"பாத்தீங்களா? செவப்பு வந்தா ஸ்டேட்டிக் போடணும்."

"அது ஏன் சேர்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"அது ஜாவாவோட சட்டம்ணே" என்றேன்.

அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கு சிவப்பு வந்தாலும் ஸ்டேட்டிக் போட்டோம். எங்கள் புரோகிராம் ஒரு முறுமுறுப்பும் இல்லாமல் ஓடியது.

சில வாரங்கள் கழித்து, கண்டக்டர் மூன்று பேருக்கு டிக்கெட் போட்டுப் பார்த்தார். ஒருவருக்குப் பசறை, ஒருவருக்கு ஹொப்டன், கடைசி ஆளுக்கு லுணுகலை. மூன்று டிக்கெட்டிலும் லுணுகலை என்றே வந்தது.

"என்னாங்க சேர் இது? பசறையில எறங்க வேண்டிய ஆளையும் லுணுகலைக்குக் கொண்டு போறோம். நெசத்துல செஞ்சா அடிக்க வந்துருவாங்க."

லெப்டொப்பில் கோளாறு என்றேன். அணைத்துப் போட்டோம். மறுபடியும் எல்லோரும் லுணுகலைக்கே போனார்கள். கண்டக்டருடைய லெப்டொப்பில் ஏற்றிப் பார்த்தோம். அதிலும் லுணுகலைதான்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "கோவிக்காதீங்க சேர். ஸ்டேட்டிக் போட்டா எல்லா டிக்கெட்டுக்கும் சேத்து ஒரே ஊர்தான் இருக்கும். கடைசியா எழுதினது முந்தினத அழிச்சிரும்." சொல்லிக்கொண்டே அந்தச் சொல்லை எடுத்தாள். திரும்பவும் வந்த சிவப்பைக் கண்டு பதறாமல், கீழே இரண்டு வரிகளைத் திருத்தினாள். பசறைக்காரர் பசறையில் இறங்கினார்.

"இத எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"ரெண்டு கிழமைக்கு முந்தி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எனக்குக் குறிப்பெழுதுற வேலதானே சேர் தந்தீங்க."

காதெல்லாம் சுட்டது. கண்டக்டர் சிரிக்கவில்லை. கீழே போய் மூன்று பிளேன்டீ சொல்லிவிட்டு வந்தார். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவள் விளக்கினாள். கேள்வி கேட்கும் வேலை எனக்கு. தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றைத் தேடித் தேடியே அரை மணி நேரம் போனது. கடைசியில் வேறு வழியில்லாமல், "எனக்கு இது வெளங்கல்ல" என்றேன். ஜாவா எனக்கு ஏறத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

பரீட்சையில் மூவரும் தேறினோம். அவளுக்கு மிக நல்ல புள்ளி. எனக்குத் தேறுவதற்குப் போதுமான புள்ளி. சான்றிதழ் கொடுத்த அன்று, சிறந்த குழுத் தலைவர் என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வரவுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதி ஒப்படைத்த குழு எங்களுடையது மட்டும்தானாம். பொறுப்புகளைப் பகிர்ந்து படிப்பதன் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கண்டக்டர் பலமாகக் கைதட்டினார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள், "டிக்கெட் கதையச் சொல்லல்லயே சேர்?"

"நேரம் பத்தல்ல தங்கச்சி."

அடுத்த பாடநெறிக்கும் மூவருமாகவே பெயர் கொடுத்தோம். விண்ணப்பத்தில் குழுத் தலைவர் என்றிருந்த இடத்தில் தன் பெயரை எழுதி முடித்த பிறகுதான் அவள் பேனாவை என்னிடம் தந்தாள்.