உளுந்துச் செடியும் தாழ்ந்த காரும்

பங்குனியில் எங்கள் ஊர்ச் சாலையில் உளுந்துச் செடி கிடக்கும். பிடுங்கிக் காயவைத்ததைத் தார்மேல் பரப்பிவிட்டால், பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக நெற்று உடைந்து பயறு உதிர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் என் மகளும் தன் ஸ்போர்ட்ஸ் காரை அதன்மேல் விட்டாள். பழைய கார், முன்பு வைத்திருந்தவர் அதைத் தரையோடு ஒட்டுகிற மாதிரி இறக்கியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். செடி அடியில் சுருண்டு, சூடான புகைக்குழாயில் பட்டுப் புகைந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம். செடி பரப்பிய பெண்கள் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

“காரா இது டீச்சர், தொடப்பமா?” என்றாள் ஒருத்தி என்னிடம். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் அதே காரில் அவள் சென்னை திரும்ப வேண்டும். உயர்த்தாமல் அனுப்பமாட்டேன் என்றேன். உயர்த்தலாமே, சமதரை வேண்டும் என்று காரை நெல் காயவைக்கும் பொதுக் களத்துக்குக் கொண்டுபோனாள். என் அப்பா காலத்தில் அது பண்ணையாருடைய களம். கூலிச் சண்டை, கோர்ட் எல்லாம் முடிந்து ஊருக்கு வந்து, பிறகு ஏதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் சிமென்ட் பூசினார்கள்.

ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்குக்குக் கீழும் மரை வெட்டிய வளையம் இருந்தது. அதைத் திருகினால் வண்டி ஏறுகிறது, இறங்குகிறது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. செடியை வாரியது முன்பக்கம்தானே, அதை மட்டும் ஏற்று என்றேன். ஏற்றிக் காட்டினாள். பாரம் பின்னால் சரிந்த மாட்டுவண்டி போல மூக்கு வானம் பார்த்தது.

“வேகமா போறப்ப காத்து அடியில பூந்து மூக்கத் தூக்கும்மா. ஸ்டியரிங் பிடிக்காது. பின்பக்கம்தான் ஒரு பொட்டு ஒசரமா இருக்கணும்.”

பின்பக்கத்தையும் ஏற்றினாள். ஓட்டுபவர் எடையோடுதான் அளக்க வேண்டுமாம். என்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தாள். “வயசுல பாதி, வெயிட்டுல சமம்,” என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். காரை முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கைப் படியவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்தாள். வலப்பக்கம் குறைந்தது. அந்தப் பக்கத்தைத் திருகப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை பெய்தால் நெல் நனையாமல் தண்ணீர் வடிய வேண்டும் என்று எங்கள் களத்தைக் கிழக்கே சரித்துத்தான் போட்டிருந்தார்கள். கார் வடக்கே பார்த்து நின்றதால் வலப்பக்கம் சரிவில் தாழ்ந்திருந்தது. திருப்பி நிறுத்தி அள என்றேன். திருப்பினாள். இப்போது இடப்பக்கம் அதே அளவு குறைந்தது. வண்டி சரியாகத்தான் இருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் அவள் ஏற்றிய உயரம் செடிக்குப் போதுமா என்பது மட்டும் டேப்பில் தெரியவில்லை.

காலையில் செடிக்கு முன்னால் நிறுத்தி என்னை இறக்கிவிட்டாள்.

“தாண்டிப் போய் நிக்கிறேன். அடியில பாத்துட்டுக் கையக் காட்டும்மா, அப்பத்தான் கெளம்புவேன்.”

மெதுவாகத் தாண்டி நின்றாள். குனிந்து பார்த்தேன். தொடப்பம் என்று சொன்னவளும் பக்கத்தில் வந்து குனிந்தாள். எதுவும் தொங்கவில்லை, வாசனையும் இல்லை. மறுபடி குனிந்தேன். கண்ணாடியில் மகளின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஒண்ணும் இல்ல டீச்சர். கையக் காட்டுங்க, புள்ள போவட்டும்.”

இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் காட்டினேன்.