இருபத்து மூன்று நொடி ஃபின்போகி

வடக்கு ஐஸ்லாந்தின் அந்தப் பள்ளத்தாக்கில் மொத்தம் எண்பத்தோரு பேர். அதில் வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்தவள் ஹல்பேரா ஒருத்திதான். வாரம் முழுக்கப் பால் லாரி ஓட்டுகிறவள். தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னதற்கு மூன்று வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறாள்.

நடுக்குளிர்காலத்தில் வரும் தோரி மாத விருந்துக்கு ஊரில் ஆண்டுதோறும் புதுக் குழு போடுவார்கள். போன வருடம் யார் யார் என்னென்ன கோமாளித்தனம் செய்தார்களோ அதையெல்லாம் குழு நடித்துப் படமெடுத்து, எல்லார் முன்னாலும் ஓட்டி மானத்தை வாங்கும். குழு மாறும், ஹல்பேரா மாறமாட்டாள்.

விருந்தன்று, சனிக்கிழமை சாயங்காலம், ஊர் மன்றத்துச் சமையலறையில் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் ஒரு வாளி நிறைய, மோர்த் தண்ணியில் புளித்த ஆட்டுக்கடாவின் விதைக்கொட்டை. எட்டு மணிக்கு ஊர் அதைத்தான் ரசித்துத் தின்னப்போகிறது. போதாததற்குக் குழுத் தலைவர் ஒட்கெய்ர், அழுகப்போட்ட சுறா மீனை மென்றபடி அவள் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூத்திரச் சந்துக்கு வாய் முளைத்த மாதிரி இருந்தது.

"அந்தச் சீனைத் தூக்கிட்டேன்" என்றாள்.

அந்தச் சீன், ஃபின்போகியைப் பற்றியது. அக்டோபரில் அவன் மனைவி பெட்டியோடு போய்விட்டாள். ஒட்கெய்ர் பொய்முடி வைத்து, பெட்டி தூக்கி, இடுப்பாட்டி நடித்திருந்தார்.

"ஊரே சிரிக்கும் தாயி."

"அவன் சிரிக்க மாட்டான். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வெளியவே வர்றான்."

ஓட்டிப் பார்த்தாள். வெட்டிய இடத்தில் பொய்முடி ஒட்கெய்ர் மறுபடியும் இடுப்பாட்டினார்.

"பாத்தியா, நானே போகமாட்டேங்கிறேன்."

டைம்லைனில் அந்தத் துண்டு இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் ஏற்கெனவே தயாரித்து வைத்த பழைய முன்னோட்டத்தையே காட்டிக்கொண்டிருந்தது, நேற்றுக் குழம்பைச் சுடவைத்துப் போடுவதைப்போல. எல்லா முன்னோட்டத்தையும் அழித்தாள். ஒட்கெய்ர் ஒழிந்தார். கூடவே மேலே ஓடிய பச்சைக்கோடு முழுவதும் சிவப்பானது. இனி எதை ஓட்டினாலும் படம் தவளை மாதிரி தத்தித் தத்தித்தான் போகும்.

அப்போது கம்பு ரொட்டித் தட்டோடு ஃபின்போகி உள்ளே வந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான், ஒரு பக்கம் மட்டும்.

"என்னோடது எத்தனாவதா வருது?"

"உன்னோடது இல்ல, ஃபின்போகி."

அவன் தட்டை வைத்தான். "ஓ. சரி." ரொட்டித் துண்டுகளை நேராக அடுக்கினான். "செத்தவனையும் ஊரைவிட்டுப் போனவனையும்தான் படத்துல சேக்காம விடுவாங்க. நான் இங்கதானே இருக்கேன்." நாற்காலி போடப் போய்விட்டான்.

"அதான் சொன்னேன், பொய்முடியைத் திரும்ப..." என்றார் ஒட்கெய்ர்.

"வாயை மூடுய்யா. நாறுது."

தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. நல்லது செய்கிறேன் என்று உயிரோடு இருக்கிறவனைப் புதைக்கப் பார்த்தாளே. போனைக் குடைந்தாள். ஆகஸ்டில் லாரி ஜன்னல் வழியாக எடுத்த வீடியோ கிடைத்தது. ஃபின்போகியின் டிராக்டர் இருக்கையில் ஒரு கடா உட்கார்ந்திருக்கிறது. இவன் கீழே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதனிடம் மன்றாடுகிறான். இருபத்து மூன்று நொடி.

படத்தின் நடுவில் சொருகினாள். தத்தாமல் பார்க்க வேண்டுமே என்று அந்தத் துண்டின் தலையிலும் வாலிலும் குறி வைத்து, அந்த அளவுக்கு மட்டும் முன்னோட்டம் தயாரித்தாள். சிவப்பு பச்சையானது. அருமையாக ஓடியது. மணி ஏழே முக்கால். முழுப்படத்தையும் ஒரே கோப்பாக எழுதச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். நாற்பது நிமிடப் படம், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. இந்தச் சனியனுக்கும் ஒருநாள் நல்ல புத்தி வரும்போல என்று நினைத்துக்கொண்டு, பென்டிரைவில் போட்டு ஒட்கெய்ரிடம் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு ஒட்கெய்ர் எழுந்து, ஒரு வருட உழைப்பு, ஊரின் வரலாறு என்று நீட்டி முழக்கினார். விளக்கு அணைந்தது. கடா வந்தது. ஃபின்போகி மன்றாடினான். திரை இருண்டது.

"அவ்ளோதானா?" என்றது ஒரு குரல்.

ஹல்பேராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்த குறியை எடுக்கவில்லை. தலைக்கும் வாலுக்கும் நடுவே இருந்ததை மட்டும் அது எழுதித் தந்திருக்கிறது.

"இந்த வருஷம் ஊர்ல இவன் ஒருத்தன்தான் ஏதோ பண்ணியிருக்கான்போல" என்றாள் ஒரு கிழவி. மன்றம் குலுங்கியது. "இன்னொரு தரம் போடு."

ஹல்பேரா சமையலறைக்கு ஓடினாள். குறியை எடுத்துவிட்டு மறுபடி எழுதவிட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் அதே இருபத்து மூன்று நொடி ஓடிக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை யாரோ கடாவுக்குக் குரல் கொடுத்தார்கள்: "லைசென்ஸ் காட்டுடா." ஆறாவது தடவை ஃபின்போகியே பெஞ்சில் ஏறி நின்றுவிட்டான்போல. "இறங்கு ராசா, வீட்ல நாம ரெண்டு பேருதான், சண்டை வேணாம்" என்று அவன் குரல்தான் கேட்டது. சிரிப்பில் கடைசியாக ஓய்ந்ததும் அவன் சிரிப்புதான்.

ஒட்கெய்ர் வியர்த்துப்போய் வந்தார். "மானம் போகுது. இன்னும் எவ்ளோ நேரம்?"

திரையில் இரண்டு நிமிடம் என்று இருந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இருபது ஆகும்" என்றாள். "போய் இன்னொரு தரம் போடுங்க."