ஸ்பேர் கிடைக்காத வண்டி

ஒச்சாண்டிக்கு முதலில் குமட்டியது அந்த நீலக் கையுறையைப் பார்த்துத்தான். தேனியிலிருந்து வந்த மெக்கானிக் பிரின்ஸ், ஆபரேஷனுக்குப் போகிற டாக்டர் மாதிரி இரண்டு கையிலும் அதை இழுத்து மாட்டிக்கொண்டுதான் வண்டியைத் தொட்டான். கிரீஸ் படக் கூசுகிறவனெல்லாம் மெக்கானிக்காம். இந்தக் கூத்தை முதலாளி மகன் அஜய்குமார் செல்போனில் படம் வேறு பிடித்துக்கொண்டிருந்தான். காறித் துப்பலாமென்றால் முதலாளி வீட்டு வாசல். வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டார்.

காமயகவுண்டன்பட்டியில் தங்கப்பாண்டியன் வீட்டு ஃபியட்டுக்கு ஒச்சாண்டி இருபத்தாறு வருசமாக டிரைவர். அதற்கு முன்பு வாடகை லாரி. அங்கே ஒருத்தனும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏலே டிரைவரு"தான். படிப்பு மூன்றாம் வகுப்பு. நிலம் நீச்சு கிடையாது. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மனிதருக்கு ஒரு பேர் வந்தது. அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது வண்டியின் கெட்டுப்போன ஸ்டியரிங்.

முதலாளியின் அப்பா வாங்கிய அறுபத்து மூன்றாம் வருசத்து வண்டி அது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கால் சுற்று வரைக்கும் ஒன்றும் நடக்காது, சும்மா சுற்றும். அதற்கப்புறம் சட்டென்று பிடித்து இழுக்கும். முதலாளியின் மைத்துனர் வீம்புக்கு எடுத்துப்போய்த் தென்னைமரத்தில் சாத்தினார். கம்பத்து மெக்கானிக் ஒருவன் வீட்டு இரும்புக் கேட்டையே இடித்துப் பெயர்த்தான். ஒச்சாண்டியோ, வளைவு வருமுன்பே அந்தக் கால் சுற்றைச் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பார். குமுளி மலைப்பாதையையும் அப்படியேதான் ஏறி இறங்குவார். வீட்டில் புதுக் கார் இரண்டு நின்றாலும், கல்யாணம் காட்சி என்றால் ஃபியட்தான் போக வேண்டும். ஃபியட் போக வேண்டுமென்றால் ஒச்சாண்டி வர வேண்டும். "அவுக கைக்குத்தான் அது அடங்கும்" என்று ஊரே சொன்னது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சோறு உண்ட மாதிரி இருக்கும்.

பதினெட்டு வருசத்துக்கு முன்பு முதலாளி ஒருநாள், "இத சரி பண்ணிருவமா ஒச்சாண்டி?" என்று கேட்டார். இவரும் மதுரைக்குப் போய் விசாரித்தார். சாமான் இருந்தது. கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைத்தே காட்டினார். ஒச்சாண்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, பஸ் ஏறினார். வழியெல்லாம் ஒரே யோசனை. ஸ்டியரிங் சரியாகிவிட்டால் எந்தப் பயலும் ஓட்டுவான். அப்புறம் தான் எதற்கு?

"ஸ்பேரே கிடைக்காதாம் மொதலாளி. இந்த மாடலுக்கு வர்றதில்லையாம்" என்று வந்து சொன்னார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே பதில். சொல்லிச் சொல்லி அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. இப்போது கோயம்புத்தூரில் பழைய கார் ஊர்வலம், அதில் ஃபியட்டைத் தானே ஓட்ட வேண்டும் என்று அஜய்குமார் செல்போனில் சாமானைத் தேடினான். பத்தே நிமிசம். நாலாம் நாள் சாமான் பெட்டியில் வந்து இறங்கிவிட்டது.

"அண்ணே, ஸ்டியரிங்க லேசா அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டுங்க" என்று வண்டிக்கு அடியிலிருந்து பிரின்ஸ் கத்தினான். ஒச்சாண்டி வேண்டாவெறுப்பாக ஆட்டினார். மேலே ஆட்ட ஆட்ட, கீழே எந்த மூட்டு ஆடுகிறது என்று அவன் கை வைத்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து கையை விரித்தான். மக்கிப்போய்த் தூள்தூளான ரப்பர் புஷ். கூடவே துருப்பிடித்த ஒரு துண்டுக் கம்பி.

"நட்டு கழலாம இருக்க ஸ்ப்ளிட் பின் போடுற எடத்துல பந்தக்கம்பியச் சுத்தி வச்சிருக்கு. நட்டு விரலுக்கே கழண்டு வருது. இது விழுந்தா ஸ்டியரிங் மட்டும் கையில இருக்கும், வீலு அது பாட்டுக்குப் போகும்" என்றவன் முகத்தைச் சுளித்தான். "இதுலயா மனுசங்கள ஏத்திட்டுப் போனாக?"

அந்தக் கம்பியைச் சுற்றியது ஒச்சாண்டிதான். ஒன்பது வருசத்துக்கு முன்பு பின் ஒடிந்தபோது, திராட்சைத் தோட்டத்தில் கிடந்த பந்தல் கம்பியில் ஒரு துண்டை வெட்டி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று மாட்டினார். மெக்கானிக்கிடம் போனால் மொத்தத்தையும் கழற்றிப் பார்ப்பான் என்ற பயம். மறந்துவிட்டார் என்று சொன்னால் பொய். மலை ஏறுகிற ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வந்தது. கம்பி வெளிப்பட்ட அன்றைக்குத் தன் கையை முகர்ந்து பார்த்தால்கூட அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. அஜய்குமார் இரண்டே விரலில் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சுருளிப்பட்டி வரைக்கும் போய் வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்த முதலாளி மகள் உமாதேவியும், அவளுடைய ஏழு வயசுப் பையனும் வாசலில் நின்றார்கள்.

"ஒச்சாண்டி, நீயும் ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றார் முதலாளி.

ஏறி உட்கார்ந்தார். தோட்டத்து ஓரமாக முதல் வளைவு. வளைவு வருமுன்பே கை தன்பாட்டுக்குக் கால் சுற்றைச் சுற்றியது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சட்டென்று திரும்பித் திராட்சைத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. கல்தூண் ஒன்று சாய, பந்தலோடு காயும் கொடியும் பானெட்டின்மேல் சரிந்தன.

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருத்தரும் திட்டவில்லை. அஜய்குமார் கதவைத் திறந்து கை கொடுத்தான். "வயசாயிருச்சுல்ல, கண்ணு மங்கியிருக்கும். விடு ஒச்சாண்டி. இனிமே நீ பின்னாடி உக்காந்து வா, போதும்" என்று முதலாளி தோளில் தட்டினார். பையன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா தாத்தா?" என்றான்.

அந்தக் கரிசனம் அவருக்குக் கசந்தது. இல்லாத குறைக்கு மன்னிப்பு. செய்த தப்பை ஒருத்தரும் கேட்கக்கூட இல்லை. இதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, பின்சீட்டில் பொம்மை மாதிரி உட்கார்ந்து வர வேண்டுமா? சீ!

"கண்ணு நல்லாத்தான் தெரியுது மொதலாளி. ஸ்பேரு எப்பவும் கெடச்சுச்சு. மதுரைலயே இருந்துச்சு. நாந்தான் இல்லன்னு பொய் சொன்னேன். சரியாயிட்டா எல்லாரும் ஓட்டிருவாக, என்னைய வேணாம்னுருவீகன்னு பயம். பின்னு ஒடிஞ்சப்ப அந்தக் கம்பியச் சுத்துனதும் நாந்தான். ஒம்பது வருசமாச்சு."

உமாதேவி முன்னால் வந்தாள்.

"இவன் வயித்துல இருந்தப்ப, வீட்ல வேற காரு இல்லாத அன்னைக்கு எனக்கு வலி எடுத்துச்சு. கொட்டுற மழையில தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீக. பயப்படாத ஆத்தா, வண்டி என் கைக்குள்ள இருக்குன்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தீக." அவள் பையனை ஒருதரம் பார்த்தாள். "அன்னைக்கும் அந்தக் கம்பிதான் இருந்துச்சாண்ணே?"

"ஆமா ஆத்தா."

"ஒங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியும்."

அவள் பையனை வெடுக்கென்று இழுத்து, ஒச்சாண்டியின் விரலைப் பிடித்திருந்த அவன் கையை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.